மோரிஸ் மைனரும் பினாங்கு மழையும்

துருப்பிடித்த பழைய கார் ஒன்றை வீட்டிலேயே சரிசெய்ய இறங்குகிறவர்களுக்கு முதலில் வேண்டிய சாமான், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாய். ஒருவர் டார்ச்லைட்டோடு காருக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று தண்ணீர் அடிக்க வேண்டும். அடிப்பதைக் கீழேயிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து, எந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது என்றே தெரியாமல் போய்விடும். கழற்றுவதும் வெட்டுவதும் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நம் ஊர். பினாங்கில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபரில் கேட்கவே வேண்டாம். நான் இருக்கும் குளுகோரில் கடல் காற்றும் சேர்ந்துகொள்கிறது. துருவைச் சுரண்டிப் புதுத் தகரம் வைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாம். தண்ணீர் வந்த வழி அப்படியே இருந்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் மறுபடி கொப்புளம் கிளம்பும்.

கார் என் தாத்தாவுடையது. நிபோங் தெபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, எஞ்சின் 948 சிசி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். தாத்தா போன பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. நான் குளுகோர் வீட்டுப் போர்ச்சுக்கு ஏற்றிக்கொண்டு வந்தபோது முன்பக்கத் தரை வழியாகக் கீழே இருக்கும் மண் தெரிந்தது.

ஸ்பேனரைத் தொடும் முன் காகித வேலையை முடித்துவிடுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) பெயர் மாற்றுவதற்கு முன்னால் சொத்துக்கான உத்தரவு வேண்டும். நாங்கள் அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனம் வழியாகச் செய்தோம். ரோட் டேக்ஸ் பல வருஷம் கட்டாமல் கிடந்த வண்டி என்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அதன் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கெரானில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் பொறித்த தகட்டைப் படம் எடுத்து, மேலே டேப் ஒட்டி வையுங்கள். துருவைத் தேய்க்கிற வேகத்தில் கிரைண்டர் அதையும் தின்றுவிட்டால் நல்ல கார் பழைய இரும்பாகிவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

உள்ளே டார்ச்லைட்டோடு உட்கார்ந்தது நான். வெளியே குழாய் பிடித்தது என் அண்ணன் மகன். முன் கண்ணாடியின் கீழ் மூலைக்கு வந்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கோடு இறங்கியது. ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. அந்தத் தண்ணீர் நேராகத் தரைக்குப் போய், மிதியடிக்குக் கீழே இருந்த கம்பளி விரிப்பில் ஊறி நின்றது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். விரிப்பைத் தூக்கிப் பிழிந்தால் சொட்டும். தரை ஓட்டையானது அதனால்தான்.

அடுத்தது கதவுத் தூண். 1961க்கு முந்திய மைனர்களில் திரும்பும் விளக்குக்குப் பதிலாக, தூணிலிருந்து வெளியே நீளும் ஒரு சின்னக் கை இருக்கும். டிராஃபிகேட்டர் என்பார்கள். அந்தக் கை மடங்கி உட்காரும் பொந்து வழியாகத் தூணுக்குள் இறங்கிய தண்ணீர், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் போய்த் தேங்கியிருந்தது. இந்தச் சட்டத்தைத்தான் சில் என்கிறார்கள். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலின் தகரமே எலும்பு. சில் போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

கதவு விஷயம் வேறு. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது சகஜம். வெளியேறுவதற்குக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். என் காரில் அவை இலைச் சருகாலும் பழைய பெயிண்டாலும் அடைந்திருந்தன. ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் கறுப்பாக ஒரு கோப்பைத் தண்ணீர் கொட்டியது. புதிதாக எந்தப் பழைய காரை வாங்கினாலும் அன்றைக்கே இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். காசு செலவில்லை.

மட்கார்டுகள் நான்கும் போல்ட் போட்டு மாட்டியவை. இது மைனருக்கு இருக்கிற பெரிய வசதி. உடலுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் நாடா வரும். அந்த நாடாவுக்குப் பின்னால் ஈரம் தங்கும். முன் மட்கார்டுக்கு உள்ளே, எஞ்சின் அறைச் சுவரின் மேல் விளிம்பில் சக்கரம் வாரி அடித்த சேறு அடுக்காகப் படிந்திருக்கும். கழற்றாமல் இதைப் பார்க்கவே முடியாது. போல்ட் சுற்றவில்லை என்றால் முறுக்கி உடைக்காமல், டீசல் தடவி ஒருநாள் விட்டு, அப்புறம் சூடுகாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இறங்கி வரும். மில்லிமீட்டர் ஸ்பேனர் இந்தக் காருக்கு ஒத்துவராது. அங்குல அளவு வேண்டும். எனக்குப் பாதி செட் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது.

துரு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது பிறையிலிருந்து வந்த ஓர் அண்ணன். தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னச் சுத்தியலால் சில்லை முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. கதவு நடுப்பகுதிக்கு வந்ததும் சத்தம் அடங்கி, தொப்பென்று கேட்டது. அங்கே சாக்பீஸால் கோடு போட்டார். துணிக்கடையில் கொடுத்த ஃபிரிட்ஜ் காந்தத்தை அந்த இடத்தில் வைத்தால் வழுக்கி விழுந்தது. உள்ளே தகரமே இல்லை. ஃபைபர்கிளாஸ் துணியை ஒட்டி, மேலே பட்டி தடவி, அதன் மேல் பெயிண்ட். யாரோ எந்தக் காலத்திலோ செய்தது. ஸ்குரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், பிடி வரை உள்ளே போனது.

“இதை வெட்டிப்புடாதம்மா இப்ப” என்றார் அவர். “கதவைக் கழட்டிட்டு முதல்ல ஒரு சதுரக் குழாயைக் குறுக்க வெல்ட் பண்ணு. இல்லேன்னா வெட்டுன நிமிஷமே தூண் ரெண்டும் நெருங்கிடும். அப்புறம் எந்தக் காலத்துலயும் கதவு மூடாது.”

முன் தூணுக்கும் நடுத்தூணுக்கும் குறுக்கே குழாயைப் பற்றவைத்தோம். கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரில் எழுதிவைத்தேன். காரின் எடை சக்கரங்களின் பக்கமே இருக்கும்படி ஸ்டாண்ட் போட்டோம். நடுவில் முட்டுக்கொடுத்தால் முதுகு வளைந்துவிடும். ஒரு பக்கம் முழுதாக முடியும் வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. புதுச் சில்லை முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்துவைத்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகே முழு வெல்டிங். அதிலும் இரண்டு அங்குலம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். வேறு மூலைக்குப் போக வேண்டும். ஒரே இடத்தில் ஓட்டினால் சூட்டில் தகரம் நெளியும்.

சில்லுக்கு 1.2 மில்லிமீட்டர் தகடு போட்டோம். நாகம் (ஜிங்க்) பூசிய தகடு கிடைத்தால் வெல்ட் விழும் விளிம்பில் பூச்சை முழுதாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். நாகப் புகை உள்ளே போனால் அன்றிரவே காய்ச்சல் அடிக்கும். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வீட்டை விட்டே தள்ளி வைக்க வேண்டும். நிறைந்த தொட்டியைவிட, ஆவி மட்டும் நிற்கும் காலித் தொட்டிதான் ஆபத்து. அடித்தகரத்தில் பூசியிருக்கும் பழைய தார் வெல்டிங் சூட்டில் மறுபக்கம் தீப்பிடிக்கும். அதைச் சுரண்டிவிட்டு, ஈரச் சாக்கும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முடித்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள்.

வரிசை வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் அப்படியே பதிந்து உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) மைவி கார் எங்கள் சுவரை ஒட்டித்தான் நிற்கும். நனைத்த கான்வாஸைத் திரையாகத் தொங்கவிட்ட பிறகே கிரைண்டரை எடுப்போம். மாலைத் தொழுகை நேரத்தில் சத்தமான வேலை கிடையாது. கடைசி வரை அந்த வீட்டிலிருந்து ஒரு முகச்சுளிப்பும் வரவில்லை.

கைப்பிடி, பானெட் கீல், பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த சாமானை 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் பக்கம் மாட்டுங்கள். பாசிட்டிவ் பக்கம் வேண்டாத இரும்புத் துண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. காலையில் பார்த்தால் துரு கறுப்புச் சேறாகக் கழன்றிருக்கும், பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அந்த இரும்புத் துண்டுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த இடத்தில் செய்யுங்கள். ஸ்பிரிங்கையும் கடினப்படுத்திய போல்ட்டையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறி அவை நொறுங்கிப்போக வாய்ப்புண்டு.

எஞ்சின் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு ஊறவைத்து, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றியதில் அசைந்துகொடுத்தது. இதே ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான் மினியிலும் வந்தது, அதனால் பல சாமான்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், ஸ்பார்க் வரவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை போட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம் வால்வு இருக்கையைக் காத்தது. இன்றைய பெட்ரோலில் அது இல்லை.

பிரேக்கில்தான் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம், எல்லாம் ஒரே குழாய்ச் சுற்று. எங்கே ஓர் இடத்தில் ஒழுகினாலும் கால் பிரேக் முழுவதும் போய்விடும், மிஞ்சுவது கை பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஊறிய விரிப்புக்கு நேர் கீழே! குழாய்கள் எல்லாவற்றையும் செம்பு நிக்கல் குழாயாக மாற்றினேன், அது துருப்பிடிக்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. முன் சஸ்பென்ஷனில் கீழே டிரனியன் என்று ஒரு திருகு மூட்டு இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் சக்கரம் அப்படியே மடங்கி விழும். ஓடிக்கொண்டிருக்கும் மைனர் வைத்திருப்பவர்களும் இந்த வாரமே அதற்கு கிரீஸ் அடியுங்கள்.

இனி நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளும் வேலை. அண்ணன் மகனுக்கு 1275 சிசி எஞ்சின் மேல் ஆசை.

“அத்தை, அதைப் போட்டா பினாங்குப் பாலத்துல பறக்கும்.”

“பாலத்துல எண்பதுதாண்டா போகலாம். இதுவே நூறுக்கு மேல போகும்.”

எஞ்சின் மாற்ற ஜேபிஜே அனுமதி வேண்டும், சோதனைக்குப் போக வேண்டும், பிரேக்கையும் கியர்பாக்ஸையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். வருஷத்துக்கு 20 வெள்ளி ரோட் டேக்ஸ் 70 வெள்ளியாகும். அது சின்னத் தொகைதான். ஆனால் தாத்தா ஓட்டிய எஞ்சின் நன்றாக இருக்கும்போது அதைக் கழற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல், நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்ட முடிய வேண்டும் என்பது. அந்த வகையில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டோம். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வந்தது. இந்தக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டரும் ரேடியோவும் போன் சார்ஜரும் அதை ஏற்காது. பேட்டரி ஒயர்களை மாற்றிப் போட்டு, இக்னிஷன் காயிலின் இரண்டு இணைப்புகளையும் இடம் மாற்றினோம். டைனமோவையே வைத்துக்கொள்பவர்கள் அதன் துருவத்தையும் மாற்றிக்கொள்ள மறக்கக் கூடாது. டிராஃபிகேட்டர் கையைச் சரிசெய்து அப்படியே வைத்திருக்கிறோம். ஆனால் இன்றைக்கு மோட்டார்சைக்கிளில் வரும் பிள்ளைகள் அதைக் கவனிக்க மாட்டார்கள் என்பதால் மினுக்கி மினுக்கி எரியும் சிக்னலும் உண்டு. சீட் பெல்ட் மாட்டும் இடங்களில் தடித்த தகட்டை வெல்ட் செய்து, அதில் போல்ட் போட்டோம். வெறும் தகரத்தில் மாட்டிய பெல்ட் மோதலில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஏர்கான் பற்றிப் பலர் கேட்டார்கள். 37 குதிரைத்திறன் எஞ்சினின் தலையில் அந்தச் சுமையையும் ஏற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். 12 வோல்ட் மின்விசிறி ஒன்று போதுமாக இருக்கிறது.

பெயிண்டைப் பொறுத்தவரை, இங்கே தேய்த்துப் பளபளவென்று வைத்த தகரம் மறுநாள் காலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். அதனால் அன்று தேய்த்த இடத்துக்கு அன்றே எபாக்சி பிரைமர். பட்டியும் சாதாரண பிரைமரும் ஈரத்தை இழுக்கும், அவற்றை நம்பி வாரக்கணக்கில் விடாதீர்கள். பிரைமர் வரை நானே அடித்தேன். கடைசிப் பூச்சுக்கு ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுத்துவிடும், சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டுப் போர்ச்சில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை அடிக்கக் கூடாது. நிறம், டேஷ்போர்டுக்குப் பின்னால் வெயில் படாமல் மிஞ்சியிருந்த பழைய சாம்பல் நீலமேதான். வேறு நிறம் அடிப்பவர்கள் ஜேபிஜேயில் பதிந்துகொள்ளுங்கள்.

பெயிண்டுக்கு அப்புறமும் ஒரு வேலை உண்டு. வெளியே தெரியாத வேலை என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில், தூண், கதவின் உள்பக்கம் என்று மூடிய பெட்டிகள் எல்லாவற்றிலும் நீண்ட குழல் வழியாக மெழுகு அடிக்க வேண்டும். மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் இடுக்கெல்லாம் நன்றாக ஓடும். அடித்து முடித்ததும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் மறுபடி திறந்துவிடுங்கள், மெழுகு அவற்றை அடைத்திருக்கும். மழை குறைவாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வருஷாவருஷம் ஒருமுறை இதைச் செய்கிறேன். பழைய எஞ்சின் எண்ணெய் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது ரப்பரை ஊதவைக்கும், தரையையும் நாசமாக்கும். பிளாஸ்டிக் உறை போட்டுக் காரை மூடி வைப்பதும் வேண்டாம், உள்ளே புழுங்கி ஈரம் தங்கும். தரையில் விரிப்பை ஒட்டாமல் சும்மா போட்டு வைத்திருக்கிறேன், மழையில் ஓட்டி வந்தால் தூக்கிக் காயவைக்க வசதி.

கடைசியாக இன்சூரன்ஸ். சந்தை மதிப்புக்குப் போட்டால் இத்தனை பழைய காருக்கு ஒன்றும் தேறாது. முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட மதிப்புக்குத் தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். அதற்கு ரசீதுகளும் ஒவ்வொரு கட்டத்தில் எடுத்த படங்களும் கேட்பார்கள், ஆரம்பத்திலிருந்தே தேதியோடு சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மதிப்பீட்டாளர் வெளிப் பூச்சை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூடுவதற்கு முன் சில்லுக்குள் எடுத்த படங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். தொகையை எழுதியது அதற்குப் பிறகுதான்.